மேடைக்கு முதுகு காட்டிய ராஜா

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவின் சபையில், ராஜா சிரிப்பதற்கு முன்னால் வேறு யாரும் சிரிக்கக் கூடாது என்று வழக்கம் இருந்தது. முந்திச் சிரித்தவர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தச் சபையின் விகடகவி பேயாண்டி. அவன் ஒன்று சொல்வான். அறுபது பேர் ராஜாவின் உதட்டைப் பார்ப்பார்கள். உதடு அசையாவிட்டால் அறுபது பேரும் விட்டத்தைப் பார்ப்பார்கள். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவனுக்கே தோன்றும். வேறு தொழில் தெரியாது.

அந்த வருஷத் தேர்த் திருவிழாவில் வடிவாச்சியின் குழு சந்தைத் திடலில் ‘காணாமல் போன கோழி’ நாடகத்தை ஆடியது. மூன்று தலைமுறையாக ஆடிவரும் நாடகம். தன் கோழியைத் தானே தின்றுவிட்டு மறந்துபோன ஒரு ராஜா, திருடனைத் தேடி ஊரையே புரட்டிப் போடுவார். மீசையில் கோழி இறகு ஒட்டியிருக்கும். மந்திரி குனிந்து பார்த்து, “புது நரை மகாராஜா! என்ன கம்பீரம்!” என்பார். மந்திரி வேஷம் வடிவாச்சிக்கு.

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தூரத்து உப்பரிகையில் இருந்த ராஜாவுக்கு மேடை சரியாகத் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

“எதற்கு இப்படிச் சிரிக்கிறார்கள்?”

பக்கத்தில் முதல் மந்திரியான பிரதானி கோனேரியப்பர் நின்றிருந்தார். அவருக்குக் கண் நல்ல கூர்மை. மேடை மந்திரி தன்னைப் போலவே தலைப்பாகையை இடப்பக்கம் சாய்த்திருப்பதையும், தன்னைப் போலவே இரண்டு முறை கனைத்துவிட்டுப் பேசுவதையும் அவர் பார்த்துவிட்டார்.

“சொல்ல நாக் கூசுகிறது மகாராஜா. தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.”

மறுநாள் காலை சபையில் ராஜா உத்தரவு போட்டார். “இன்று பிற்பகல் அதே நாடகம் நம் கொலு மண்டபத்தில் நடக்க வேண்டும். ஒரு சொல்லும் குறையக் கூடாது. நாடகத்தைப் பார்த்து ஒருவர் சிரித்தாலும் அந்தக் குழு இன்றே எல்லை தாண்ட வேண்டும்.”

“பேயாண்டி அவர்களுக்கு வேண்டியவன்” என்றார் பிரதானி. “ஏற்பாட்டை அவனே செய்யட்டும். தவறினால் அவனும் கூடவே போகட்டும்.”

பேயாண்டி போய்ச் சொன்னதும் வடிவாச்சி கையிலிருந்த அரிதாரக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“எல்லையில ஆறு கரை தொட்டு ஓடுது. எம்மவளுக்கு நிறைமாசம். அவளைப் பரிசல்ல ஏத்தச் சொல்றியா?”

“நீ நேத்து ஆடினதைவிட நல்லா ஆடு.”

“கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? நல்லா ஆடினா சிரிப்பாங்கய்யா!”

“சிரிப்பு வரணும். வந்ததை அடக்கத் தெரிஞ்ச ஆளுங்க எங்கிட்ட அறுபது பேர் இருக்காங்க.”

அரண்மனைக்குத் திரும்பியவன் ராஜாவிடம், பார்வையாளர்களைத் தானே உட்கார வைக்க அனுமதி கேட்டான்.

“செவிடர், குருடர், பாஷை தெரியாதவர் யாரும் கூடாது!” என்று பிரதானி குறுக்கே பாய்ந்தார்.

“கூடாதுதான். கண்ணும் காதும் நன்றாக உள்ள இந்தச் சபையோரே போதும். ஆனால் யார் சிரித்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டியவர் மகாராஜா. முகங்களைப் பார்த்தால்தானே தெரியும்? ஆகையால் சிம்மாசனம் மேடைக்கு முதுகு காட்டி இருக்கட்டும்.”

நியாயமாகத்தான் பட்டது. ராஜா தலையசைத்தார். யாருமே சிரிக்காவிட்டால் தானே சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடலாம் என்று நினைத்திருந்த பிரதானிக்கு அப்போதுதான் தலைப்பாகையின் ஞாபகம் வந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நாடகம் தொடங்கியது. ராஜா வேஷக்காரன் இறகு மீசையோடு வந்ததும் தளபதி மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டார். மந்திரி கனைத்தாள். ஆஸ்தான சோதிடர் கண்ணை இறுக்க மூடினார். மூடிய கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பொக்கிஷக்காரரின் தொப்பை மட்டும் சத்தமில்லாமல் குலுங்கியது. புலவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதா நிறமானார். தூண் ஓரமாக நின்ற பேயாண்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு ஆள் தவறினால் போதும், பரிசல்தான்.

“புது நரை மகாராஜா!” என்ற குரல் கேட்டதும் தளபதிக்கு விக்கல் எடுத்தது. துண்டு வாயிலிருந்து பறந்து சோதிடர் தலையில் விழுந்தது. சோதிடர் கண்ணைத் திறக்காமலே அதற்கு ஆசீர்வாதம் செய்தார்.

ராஜா வெடித்துச் சிரித்தார். சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவ்வளவுதான், சபை மொத்தமும் தரையில் உருண்டது.

“சிரித்துவிட்டார்கள்! குழு எல்லை தாண்டட்டும்!” என்று பிரதானி எழுந்தார்.

பேயாண்டி முன்னால் வந்தான். “நாடகத்தைப் பார்த்து யார் சிரித்தார்கள்? மகாராஜா மேடையைப் பார்க்கவே இல்லை. சபையைப் பார்த்துச் சிரித்தார். சபையோர் மகாராஜாவைப் பார்த்துச் சிரித்தார்கள். நாடகத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.”

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உண்மைதான். இன்னொன்றும் பார்த்தேன். இறகு மீசை வந்தபோது உமக்கும் உதடு துடித்தது, பிரதானி. மந்திரி பேசும்போது மட்டும் உம்முடைய முகம் கறுத்தது. நேற்று ஜனங்கள் சிரித்தது யாரைப் பார்த்து?”

பிரதானி பதில் சொல்ல வாயைத் திறந்தார். பழக்க தோஷம், இரண்டு முறை கனைத்தார்.

இந்த முறை ராஜாவின் உதட்டை யாரும் பார்க்கவில்லை. முதலில் சிரித்தது புலவர். தன் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். யாரும் அதைக் கழற்றச் சொல்லவில்லை.

“அந்த நாடக ராஜாவைப் பார்த்தும் நேற்று சிரித்தார்கள், மகாராஜா. பொய் சொல்ல மாட்டேன்” என்றான் பேயாண்டி.

“அப்படியா? எவ்வளவு முட்டாளாக இருக்கிறான் என்று நானும் பார்க்கிறேன். சிம்மாசனத்தைத் திருப்புங்கள். வாசலைத் திறந்து ஜனங்களை உள்ளே விடுங்கள். நாடகம் முதலிலிருந்து நடக்கட்டும். அந்தக் குழு இனி நம் ஊர்க் குழு.” வடிவாச்சியின் மகளுக்கு நிறைமாதம் என்று பேயாண்டி சொன்னதும் ராஜா தொடர்ந்தார்: “அரண்மனை மருத்துவச்சி அந்தப் பெண்ணுக்குத் துணைக்குப் போகட்டும்.”

மடைப்பள்ளிச் சமையல்காரிகளும் தேர் இழுத்தவர்களும் மண்டபம் நிறைய வந்து உட்கார்ந்தார்கள். வடிவாச்சி இரட்டிப்பாகக் கனைத்தாள். பாதி நாடகத்தில் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, தன் முத்து மாலையைக் கழற்றிப் பேயாண்டியின் கழுத்தில் போட்டு, அவனை அணைத்துக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு சமையல்காரியின் குரல் கேட்டது: “மறைக்குதுய்யா! ரெண்டு பேரும் உட்காருங்க!”

ராஜா திரும்பிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே, பேயாண்டியையும் இழுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.