ஜிலேபியின் மறுமுனை

எங்கள் ஊரில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே இல்லை. அதனால்தான் சுவரில் ஒரு ஆணி அடிக்கவும் மூன்று பேர் கூடி யோசிக்கிறோம். அப்புறம் சுவரைப் பூசக் கொத்தனாரைத் தேடுகிறோம். இப்படி யோசிப்பவர்களில் வைரவன் முதல் ஆள். பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் நேரம் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

பேரூராட்சி கண்மாய்க் கரையைச் சுற்றி நடைபாதை போட்டிருந்தது. அதில் தினமும் காலையில் வைரவனும் அவருடைய சிநேகிதர்கள் சந்தனமும் அருளப்பனும் நடப்பார்கள். கூடவே ஜிலேபியும் நடக்கும். வால் சுருண்டிருப்பதால் அந்த நாய்க்கு அப்படி ஒரு பெயர். வைரவனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. மனைவி மெய்யம்மையும் ஜிலேபியும்தான் குடும்பம்.

ஒருநாள் பாதை வாசலில் புதிதாக ஒரு பலகை நின்றது. 'நாயைக் கயிற்றில் கட்டியே அழைத்து வரவும். கயிறு ஆறு அடிக்கு மேல் இருக்கக் கூடாது. கயிற்றின் மறுமுனையைப் பொறுப்பானவர் பிடித்திருக்க வேண்டும். தவறினால் நாய் பிடித்துச் செல்லப்படும்.'

கடைசி வரியைப் படித்ததும் வைரவன் ஜிலேபியின் கண்ணைப் பொத்தினார். ஜிலேபி இல்லாத வீட்டில் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

மறுநாள் கிணற்றுக் கயிற்றோடு வந்தார்.

"இது நாப்பது அடி இருக்குமே மாப்ளே?" என்றார் சந்தனம்.

"அறுத்தா மெய்யம்மை என்னை அறுத்துருவா. அதான் முப்பத்தினாலு அடியை இடுப்புல சுத்திக்கிட்டேன். வெளியே தெரியறது ஆறு அடிதானே?"

அருளப்பன் அளந்து பார்த்துச் சரிதான் என்றார். அவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர், எதையும் அளக்காமல் நம்பமாட்டார். பத்தடி நடந்திருப்பார்கள். ஜிலேபி ஒரு அணிலைப் பார்த்துவிட்டது. நாய் ஓட ஓடக் கயிறு உருவிக்கொண்டு போனது, வைரவன் பம்பரமாகச் சுற்றினார், முப்பத்தினாலு அடியும் தீர்ந்தபோது கண்மாய்க்குள் கிடந்தார்.

நடைபாதை மேற்பார்வையாளரான பொன்னருவி அம்மாள் கரையில் நின்று இதைப் பார்த்தார். "ஐயா, பலகையில போட்டிருக்கறபடி நடங்க. நாளைக்கும் இந்தக் கூத்துன்னா நாயைக் கூண்டு வண்டியில ஏத்திருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைரவனின் ஈர வேட்டி காயும் முன்பே அவர் வீட்டில் கூட்டம் கூடியது. நடந்ததைக் கேட்ட மெய்யம்மை தானே ஆறு அடி அளந்து கயிற்றை அறுத்துக் கொடுத்தார். மீதி இருந்தது 'பொறுப்பானவர்' மட்டும்.

"நம்ம மூணு பேர்ல யாரு பொறுப்பானவன்?" என்று கேட்டார் அருளப்பன்.

மூவரும் ஒருவரை ஒருவர் அளந்து பார்த்தார்கள்.

"நான் இல்லை. கல்யாணப் பத்திரிகையைத் தபால்ல சேக்க மறந்து, என் மக கல்யாணத்துக்குச் சம்பந்தியே வரலை" என்றார் அருளப்பன்.

"நானும் இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரமா உள்ளேயே வச்சிட்டு வர்றவன் நான்" என்றார் சந்தனம்.

வைரவனுக்குத் தன்மேல் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. "மெய்யம்மை, நான் பொறுப்பானவன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு" என்றார்.

"போன வாரம் சந்தையில என்னை விட்டுட்டு, யாரோ ஒருத்தியோட பையைத் தூக்கிக்கிட்டு வீடு வந்து சேந்தீங்க. அன்னைக்கு என்னைத் தேடி வந்தது யாருங்க?"

"ஜிலேபி" என்றார் வைரவன், தலையைக் குனிந்துகொண்டு.

மெய்யம்மை கோபத்தோடு எழுதினார்: 'இந்த வீட்டில் பொறுப்பானது ஜிலேபி மட்டும்தான்.' கீழே கையெழுத்தும் போட்டார்.

மூவரும் அந்தத் தாளை மாற்றி மாற்றிப் படித்தார்கள். வைரவனின் முகம் மலர்ந்தது. தன்னைப் பற்றி மனைவி எழுதியதில் அவருக்குத் துளியும் வருத்தமில்லை. அது தெரிந்த விஷயம்தான்.

மறுநாள் காலை ஜிலேபி நடைபாதையில் ராஜநடை போட்டது. கயிற்றின் ஒரு முனை அதன் கழுத்தில், மறுமுனை அதன் வாயில்.

பொன்னருவி எதிரே வந்தார். "நாயை யாருய்யா பிடிச்சிருக்கா?"

"பொறுப்பானவர்தான்" என்று வைரவன் தாளை நீட்டினார்.

பொன்னருவி அதை இரண்டு தடவை படித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கொக்கு பறந்தது. மூவரும் பதறிப்போய், "குரைக்காதே சாமி, வாயைத் திறக்காதே!" என்று கும்பிட்டார்கள். ஜிலேபி குரைத்தது. கயிறு கீழே விழுந்தது. பொன்னருவி கூண்டு வண்டிக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

வைரவன் அப்படியே தரையில் உட்கார்ந்து ஜிலேபியைக் கட்டிக்கொண்டார். "என்னையும் சேத்து ஏத்திருங்கம்மா. இது இல்லாம நான் வீட்டுக்குப் போற வழியே எனக்குத் தெரியாது" என்று விசும்பினார்.

அது பொய்யில்லை என்று பொன்னருவிக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சரி, எழுந்திரிங்க. கயிறை நீங்களே பிடிங்க. என்ன ஆனாலும் விடக் கூடாது. விட்டீங்க, நாய் வண்டியில போயிடும்."

வைரவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பொன்னருவி வண்டியோடு போனார். ஜிலேபி ஒரு அணிலைத் துரத்தி ஒல்லியான வேப்பமரம் ஒன்றை இரண்டு சுற்றுச் சுற்றியது, சுருக்கிலிருந்து கழுத்தை உருவிக்கொண்டது, சோற்று நேரம் ஆகிவிட்டதால் வீட்டுக்குப் போய்விட்டது.

மரத்தைச் சுற்றிய கயிறு. அதன் முனையில் வைரவன்.

"விட்டுட்டு வா மாப்ளே" என்றார் சந்தனம்.

"விட்டா நாய் போயிடும்."

"நாய்தான் போயிருச்சே!"

"இப்ப வீட்டுக்குப் போயிருக்கு. விட்டா வண்டியில போயிடும்."

இதில் பிழை இருப்பதாகச் சந்தனத்துக்கும் அருளப்பனுக்கும் தெரியவில்லை. பசி மட்டும் தெரிந்தது. கிளம்பிவிட்டார்கள்.

மதியம் மெய்யம்மை தேடிக்கொண்டு வந்தார். "ஏங்க, ஜிலேபி சாப்பிட்டுத் தூங்கியே போச்சு. இங்க என்ன பண்றீங்க?"

"பொறுப்பானவர் வந்து வாங்கிக்கிட்டாத்தான் கயிறை விடுவேன்."

"எங்கிட்டக் குடுங்க, நான் வாங்கிக்கிறேன்."

வைரவன் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். "ஜிலேபி மட்டும்தான்னு நீயேதான எழுதிக் கையெழுத்துப் போட்டே? அதுவும் போக, யோசிச்சுப் பாரு. என்னைக் கல்யாணம் பண்ணிக்கச் சம்மதிச்சவ நீ. உன்னை எப்படிப் பொறுப்பானவள்னு நம்புறது?"

மெய்யம்மை யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது.

"அப்படின்னா நான் போய் ஜிலேபியை எழுப்பிக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் கயிறை விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.