ஒன்பதாவது கடிதம்

குருவுக்கு இருபத்தொன்பது வயது. சீடருக்கு ஐம்பத்தேழு. இடம், தூத்துக்குடியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பெரியவர்களுக்கான சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு. ஷைனி டீச்சரைக் குரு என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். நானும் அங்கேதான் படித்தேன், எனக்குத் தெரியும்.

சீடர் சவரிமுத்து அண்ணாச்சி, ஐஸ் கம்பெனியில் வேலை. அவர் மகன் கிளாட்வின் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். நடுக்கடலில் ஆளைக் காணவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு கப்பல் கம்பெனி வாயே திறக்கவில்லை. தன் இங்கிலீஷ்தான் அவர்களுக்குப் புரியவில்லை என்று அண்ணாச்சி முடிவுகட்டிவிட்டார். படிக்க வந்தது அதற்காகத்தான்.

முதலில் எழுதிய கடிதத்தை டீச்சரிடம் காட்டினார். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் உருப்போட்ட அதே லீவ் லெட்டர். லீவு வரும் இடத்தில் மட்டும் மகன். 'என் மகனை எனக்கு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கடைசியில், 'தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்.' டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

மாதம் ஒரு கடிதம். அவர் எழுதுவார், டீச்சர் தப்பைச் சுழிப்பார், அவர் திருத்தி எழுதித் தபாலில் போடுவார். பதில் வராது.

கதை வகுப்பில் ஒரு நாள், பாடத்துக் கதையை டீச்சர் வாசித்து முடித்ததும் அண்ணாச்சி கேட்டார்.

"அந்தப் பையன் வீட்டை விட்டுப் போனானே, திரும்பி வந்தானா டீச்சர்?"

"அதோட கதை முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

"எழுதினவருக்குத் தெரியும்லா?"

டீச்சர் பக்கத்தைப் புரட்டினார்.

கவிதை வகுப்பில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"இந்தக் கவிஞரு வாக்கியத்தைப் பாதியிலயே விட்டுட்டுப் போறாரு. அதை நல்லாருக்குன்னு சொல்லுதிய. நான் ஒரு சொல்லை விட்டா மட்டும் சுழிக்கிய."

"அவருக்கு யாரும் பதில் போட வேண்டியதில்ல அண்ணாச்சி."

அடுத்த வாரம் ஒன்பதாவது கடிதத்தை நீட்டினார். டீச்சர் படித்தார். பேனாவைத் திறக்கவே இல்லை.

"எங்க தப்பு டீச்சர்?"

"இல்ல."

"நல்லாப் பாருங்க. எங்கயாவது இருக்கும்."

டீச்சர் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"தப்பு இல்ல அண்ணாச்சி."

"போன மாசம் நாலு இருந்துச்சு. அதுக்கு முந்தி ஏழு. குறைஞ்சுகிட்டேதான வருது? இன்னும் ஒண்ணு ரெண்டு கண்டிப்பா இருக்கும். அதைச் சரி பண்ணிட்டா பதில் போட்டுருவாங்க."

நாங்கள் யாரும் தலை நிமிரவில்லை. டீச்சரின் கண் கலங்கிவிட்டது.

"போன மூணு லெட்டர்லயும் ஒரு தப்பும் கிடையாது அண்ணாச்சி. சரியா இருந்ததைத்தான் நான் சுழிச்சு, வேற வார்த்தை எழுதிக் குடுத்தேன்."