புடலைப் பந்தலில் நின்ற நாற்பது வேல்கள்

முன்னொரு காலத்தில் ஏழு சீமைகளுக்கும் சேர்த்து ஒரே பேரரசனாக அதிரவேந்தன் ஆண்டுவந்தான். அவனுக்குக் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அப்படிப்பட்டவன் முன்னால் மூன்று தலைமுறைச் சட்டத்தையும் ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும் என்று மருதூர்ச் சீமைப் பூவாயிக்கு உத்தரவு. "தப்பாச் சொல்லிடுவேன், கட்டாயம் தப்பாத்தான் சொல்லிடுவேன்" என்று அரண்மனைப் படிக்கு ஒரு தடவை முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள்.

விஷயம் இதுதான். அந்த நாட்டில் ஒவ்வொரு சீமைக்கும் ஓர் ஊர்ப்படை உண்டு. மற்ற நாளில் ஏர் பிடிப்பவர்கள், அழைப்பு வந்தால் வேல் பிடிப்பார்கள். மருதூர் ஊர்ப்படைக்குத் தலைவன் பூவாயியின் கணவன் சடையாண்டி. போன வைகாசித் திருவிழாவில் வடம் இழுக்கும் பந்தயம் நடந்தபோது, அவனுடைய நாற்பது பேரும் அரண்மனைப் படையை வாய்க்காலுக்குள் இழுத்துப் போட்டார்கள். முதலில் விழுந்தவர் சேனாதிபதி வல்லபராயர். மீசையில் ஒட்டிய சேறு அன்றே காய்ந்துவிட்டது. மனத்தில் ஒட்டியது காயவில்லை.

ஆண்டுக்கொரு முறை ஊர்ப்படை வேல்களை அரண்மனை ஆள் வந்து பார்வையிடுவது வழக்கம். இந்த ஆண்டு சேனாதிபதியே வந்தார். அரண்மனை கொடுத்த நாற்பது வேல்களும் பூவாயி வீட்டுக் கொல்லையில் புடலைப் பந்தலைத் தாங்கிக்கொண்டு நின்றன. மேலே காய்கள், நேராக வளர நுனியில் கல் கட்டி, வரிசையாகத் தொங்கின.

அதே வாரம் அரசனுடைய வெள்ளை மயில் மலை தாண்டி அயல் அரசனின் தோட்டத்துக்குப் பறந்துவிட்டது. சேனாதிபதி இரண்டையும் முடிச்சுப் போட்டார்.

"அரசே, மருதூர்க்காரர்கள் அரண்மனை வேலில் புடலைப் பந்தல் போட்டிருக்கிறார்கள். சட்டம் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த நாற்பது பேரையும் மலைக்கு அப்பால் போருக்கு அனுப்புங்கள். மயிலும் வரும், திமிரும் அடங்கும்."

"தெரியவில்லையா? அங்கே பெண்கள்கூட நெல் குத்தும்போது ஊர்ப்படைச் சட்டத்தைத்தான் பாடுகிறார்கள்" என்றார் பக்கத்தில் நின்ற அமைச்சர் நன்னயர்.

அரசனுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "சடையாண்டியின் மனைவி வந்து பாடட்டும். நன்னயரே, ஓலையை வைத்துக்கொண்டு நீர் சரிபாரும். சரியாகச் சொன்னால் சட்டப்படி நடப்பேன். பிசகினால் அவனுக்குச் சிறை, நாற்பது பேருக்கும் போர்" என்றான்.

அறுவடைக்கு ஒன்பதே நாள் இருந்தது.

பூவாயி சபை நடுவில் நின்று வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா, வாயில் கொழுக்கட்டையா?" என்றார் சேனாதிபதி.

"மகாராசா, கையில் உலக்கை இல்லாமல் எனக்குச் சட்டம் வராது."

அரசன் சிரித்தான். "அரண்மனைச் சபையில் உலக்கைக்கு எங்கே போவது? சேனாதிபதி, உம்முடைய வேலைக் கொடும்."

அவள் வேலை வாங்கி, அடிப்பக்கத்தைத் தரையில் இடித்தாள். ஓர் இடி, இரண்டு இடி. மூன்றாவதில் சட்டம் வந்துவிட்டது.

"உங்க பாட்டனார் சட்டம். ஆளுக்கொரு வேல், அவனவன் வீட்டு வேல். பகைவன் எல்லைக்குள் வந்தால் அழைக்கலாம், உள்ளே கலகம் வந்தால் அழைக்கலாம். மூன்று மாதத்தில் வீட்டுக்கு அனுப்பணும். தலைவனைச் சீமையே தேர்ந்தெடுக்கும்."

"சரி" என்றார் அமைச்சர்.

"நல்ல சட்டம்தானே, அதை என் தந்தை ஏன் மாற்றினார்?" என்றான் அரசன்.

"வீட்டு வேல் வீட்டு வேலைக்குப் போயிடுச்சு, மகாராசா. முருங்கைக்காய் பறிக்க, மாடு கட்ட. படை திரட்டினால் பாதிப் பேர் துரட்டியோடும் உலக்கையோடும் வந்து நின்றார்கள். உங்க அப்பா தலையில் அடித்துக்கொண்டு ரெண்டாம் சட்டம் போட்டார்." மறுபடி இடித்தாள். "அரண்மனையே வேல் கொடுக்கும், ஆண்டுதோறும் பார்வையிடும். வேலில் ஈரம் படக்கூடாது. காற்றோட்டமாக, நிமிர்ந்து, ஒரே இடத்தில், காவல் கண்ணெதிரே நிற்கணும்."

இடிப்பதை நிறுத்தினாள். "மகாராசா, என் பந்தல் அப்படித்தானே நிற்குது?"

"மண் ஈரம்!" என்றார் சேனாதிபதி.

"ஒவ்வொரு வேலுக்கும் அடியில் கருங்கல் வைத்திருக்கேன், ஐயா. நீங்க குனிஞ்சு பார்க்கலை. மேலே தொங்கினதைத்தான் பார்த்தீங்க. அன்னைக்கு நாலு காய் குறைஞ்சது."

சபை சேனாதிபதியைப் பார்த்தது. சேனாதிபதி உத்தரத்தைப் பார்த்தார்.

"மூன்றாவது, நீங்க போட்டது. அழைக்கிற வரை சீமையின் ஆள், அழைத்த பின் அரண்மனையின் ஆள். ஊர்ப்படை போனால் ஆளுக்கு ஆள் அரண்மனைப் படை வந்து நின்று, சீமை தேர்ந்தெடுக்கும் தலைவன் சொன்ன வேலையைச் செய்யணும்."

"இதை நானா போட்டேன்?"

"ஆமாம் அரசே. போன தையில், ஒரு காலை வேளையில்" என்றார் அமைச்சர். "மூன்றும் பிசகில்லை. பகைவன் யாரும் எல்லைக்குள் வரவில்லை. மயில்தான் அங்கே போயிருக்கிறது. அழைக்க முடியாது."

சேனாதிபதி விடவில்லை. "மூன்று சட்டம் போட்ட வம்சம் நான்காவது போடக் கூடாதா? மயில் போன இடமெல்லாம் நம் எல்லை என்று போடுங்கள், அரசே."

"அதுவும் சரிதான்" என்றான் அரசன். மாலை நெருங்கிக்கொண்டிருந்தது.

பூவாயி வேலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போடுங்க மகாராசா. எங்காளு நாற்பது பேர் போனால் உங்காளு நாற்பது பேர் அறுவடைக்கு வருவாங்க. முன்னால் சேனாதிபதி ஐயா வருவார். என் வீட்டுக்காரர் இல்லாதப்போ சீமை என்னைத்தான் தலைவியாத் தேர்ந்தெடுக்கும். ஐயாவுக்கு அரிவாள் பிடிக்கத் தெரியுமா? இல்லைன்னா கிளி விரட்டச் சொல்லலாம்."

கிளி விரட்டும் சேனாதிபதியை நினைத்துப் பார்த்த அரசன் சிம்மாசனத்தில் சாய்ந்து சாய்ந்து சிரித்தான். "ஓலை கொண்டு வாருங்கள், நான்காம் சட்டம் எழுதலாம்!"

"அரசே," என்றார் சேனாதிபதி அவசரமாக, "மயில்கள் மழைக்குத் தாமே திரும்பிவிடும் என்று கேள்வி."

"அப்படியானால் சட்டம் வேண்டாம். ஆனால் அந்த நாலு புடலங்காயை நீரே சுமந்துபோய்த் திருப்பிக் கொடும்."

"அவை... கூட்டாகிவிட்டன, அரசே."

பூவாயிக்குப் பட்டுச்சேலையும் பொற்சிலம்பும் கிடைத்தன. ஊருக்கு வந்ததும் அவள் சேலையைப் பெட்டியில் போட்டாள், நாற்பது வேல்களையும் எடுத்து எண்ணெய் தேய்த்துச் சுவரோரம் கருங்கல் மேல் நிறுத்தினாள், பந்தலுக்கு மூங்கில் நட்டாள். பிறகு நீளமான புடலங்காயாகப் பார்த்து ஒரு கூடை பறித்து, சேனாதிபதி வீட்டுக்கு அனுப்பினாள்.

"பரிசு கொடுத்த ராசாவை விட்டுட்டு அந்த ஆளுக்கு ஏண்டி அனுப்புறே?" என்றான் சடையாண்டி.

"அடுத்த வருசம் வேல்களைப் பார்வையிட ராசாவா வரப்போறார்?" என்றாள் பூவாயி.