பூமலைக்கு அடியில் நண்டு

ஒரு காட்டின் நடுவே குளம் ஒன்று இருந்தது. கோடையிலும் வற்றாது. கரையோரத்து ஊற்றுக்கண்ணில் சேரும் சேற்றை ஒரு நண்டு தினமும் அள்ளி வெளியே போடும். அதனால்தான் தண்ணீர் வந்தது. இது காட்டில் அநேகம் பேருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் யாருக்கும் இல்லை.

ஊற்றுக்கு மேலே இருந்த பாறையில் ஆடும் மயிலை மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் என்றால் அப்படி ஓர் ஆட்டம்! ஒரு பங்குனி மாதம் அந்த மயில் நோயில் விழுந்து இறந்துபோனது.

நரி பாறைமேல் ஏறி நின்றது. "ஈடு செய்ய முடியாத இழப்பு! ஏழு நாள் துக்கம். எல்லோரும் பூங்கிளை ஒடித்து வந்து இந்தப் பாறையடியில் போடுங்கள்."

அழுவதில் போட்டி வந்துவிட்டது. மான் ஒரு கிளை போட்டால் முயல் இரண்டு போட்டது. பன்றி ஒரு மரத்தையே சாய்த்து இழுத்து வந்தது. "மயில் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்," என்று அணில் விம்மியது. மயில் பார்த்தது அணிலுக்குப் பின்னால் நெளிந்த புழுவை. அதை யார் போய் அணிலிடம் சொல்வது?

மூன்றாம் நாள் தவளை தயங்கித் தயங்கி நரியிடம் வந்தது. "அண்ணே, நண்டைக் காணோம். அதோட வளை இந்தப் பூவுக்கு அடியிலதான் இருக்கு. கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாமா?"

"எந்த நண்டு?"

"ஊத்துல சேறு அள்ளுமே, அதுதான்."

"மயிலுக்குத் துக்கம் நடக்கிற இடத்துல நண்டுப் பேச்சா? நீ இன்னும் ஒரு சொட்டுகூட அழலையே!"

கூட்டம் தவளையை முறைத்தது.

அன்று மாலையே தண்ணீர் பாதியாகக் குறைந்தது. "பாருங்கள், குளமும் துக்கத்தில் மெலிந்துவிட்டது," என்றது நரி. எல்லோரும் உருகிப்போனார்கள். தவளைக்கு மட்டும் நண்டின் நினைப்புதான். நண்டு உள்ளே எப்படி மூச்சுவிடும்?

தவளை பெண்மயிலிடம் ஓடியது. பாவம், கணவனை இழந்த அது ஒரு புதரடியில் தனியாக உட்கார்ந்திருந்தது. அத்தனை கூட்டத்தில் அதனிடம் வந்து ஒரு வார்த்தை பேச யாருக்கும் நேரமில்லை. தவளை சொன்னதைக் கேட்டதும் அது விறுவிறுவென்று பாறைக்கு வந்து, கிளைகளை அலகால் இழுத்துப் போட ஆரம்பித்தது.

"அம்மா, இது உங்க வீட்டுக்காரருக்குப் போட்ட பூ!" என்று நரி பதறியது.

"அவர் பத்து நாள் காய்ச்சல்ல கிடந்தப்ப நீங்க யாராவது எட்டிப் பார்த்தீங்களா? அடுத்த ஆட்டம் எப்பன்னுதான் கேட்டு அனுப்பினீங்க. இந்த நண்டுதான் தினமும் இலையில தண்ணி கொண்டுவந்து கொடுத்துச்சு. பூவை எடுங்க."

பன்றி முதலில் தலையைக் குனிந்துகொண்டு தன் மரத்தை இழுத்தது. பிறகு எல்லோரும் கைகொடுத்தார்கள். கடைசிக் கிளை நகர்ந்ததும் சேற்றுக்குள் ஒரு கொடுக்கு மெல்ல ஆடியது. பின்னாலேயே நண்டு வெளியே வந்தது.

"என் வாசல்ல குப்பை கொட்டினது யாரு?"

காடே சிரித்தது. பல நாளைக்குப் பிறகு பெண்மயிலும் சிரித்தது. மூன்று நாளாக அழாத தவளை அப்போதுதான் தேம்பித் தேம்பி அழுதது. நண்டு உடனே திரும்பிப் போய் ஊற்றைத் தோண்ட, தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி வந்தது.

நரி மறுபடியும் பாறைமேல் ஏறியது. "நண்டுக்கு மாபெரும் பாராட்டு விழா! எல்லோரும் பூங்கிளை..."

"ஐயையோ, பூ மட்டும் வேணாம். நாளைக்குக் காலையில ரெண்டு பேர் சேறு அள்ள வாங்க, போதும்," என்றது நண்டு.

மறுநாள் காலையில் காடு முழுவதும் வந்து நின்றது. நரிக்கு மூக்குவரை சேறு. வேலை முடிந்ததும் எல்லோரும் பெண்மயிலைச் சுற்றி உட்கார்ந்து, மயிலின் கதைகளைக் கேட்டுக் கேட்டு மகிழ்ந்தார்கள்.

பேர் பெற்றவருக்காக அழுவதில் தப்பில்லை, ஆனால் அந்தக் கண்ணீர் பக்கத்தில் மூச்சுத் திணறுகிறவரை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடக் கூடாது.