நாற்பது புள்ளி அகலம்

"மிஸ், இந்த முகத்தைப் பெருசாக்கணும்" என்றார் சுயம்புலிங்கம்.

ஜெசிந்தா அவர் போனை வாங்கிப் பார்த்தாள். ஓர் உப்பு அம்பாரத்துக்கு முன்னால் முப்பது பெண்கள் மூன்று வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"எந்த முகம் அண்ணாச்சி?"

"கடைசி வரிசை. முக்காடு போட்டிருக்கா."

"எல்லாரும்தான் போட்டிருக்காங்க."

"நீல முக்காடு. ஒரு நெட்டைப் பொம்பளை நிக்காள்லா, அவளுக்குப் பக்கத்துல."

ஜெசிந்தா கண்டுபிடித்தாள். போன் திரையில் அந்த முகம் ஒரு மிளகு அளவுக்கு இருந்தது.

"யாரு?"

"எங்க வீட்டுக்காரி. சந்தனமாரி. போய்ச் சேந்து பத்து மாசம் ஆச்சு."

சுயம்புலிங்கத்துக்கு ஐம்பத்தாறு வயது. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை. ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் போட்டோ எடிட்டிங் வகுப்பு நடத்தினாள். அங்கே படிக்கிற எல்லாரும் அவளை மிஸ் என்றார்கள். அதனால் அவரும் மிஸ் என்றார். அதைக் கேட்டுப் பின்பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"வேற படம் இல்லையா?"

"கல்யாணப் படம் வெள்ளத்துல போச்சு. அடையாள அட்டையில ஒண்ணு இருக்கு. அதுல எவளையோ அடிச்சிட்டு வந்தவ மாதிரி முழிக்கா. அது அவ இல்ல."

"இந்தப் படத்தை எடுத்தவர்ட்ட ஒரிஜினல் இருக்குமே?"

"அவரு போன் உப்புப் பாத்தித் தண்ணிக்குள்ள விழுந்துட்டு. அதுக்கு முன்னால அவரு ஒருத்திக்கு அனுப்பி, அவ இன்னொருத்திக்கு அனுப்பி, நாலாவது கையா எனக்கு வந்தது."

ஜெசிந்தா மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"பதினாறாம் நாளு வெறும் விளக்கத்தான் வச்சோம் மிஸ். படம் இல்லாம. வருச நினைவுக்காவது படம் திறக்கணும். ரெண்டடி உயரம் வேணும். வாசல்ல நிக்கவனுக்கும் தெரியணும்."

"கடையில குடுத்தா செஞ்சு குடுப்பாங்களே."

"குடுத்தேன்."

பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தார். சிவந்த, வழவழப்பான ஒரு பெண். நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பல்பசை விளம்பரத்துக்கு அனுப்பலாம்.

"எம் மக வடிவு இதப் பாத்துட்டு, யாருப்பா இந்தப் பொம்பளைன்னு கேட்டா. அதான் நானே கத்துக்கிடலாம்னு வந்துட்டேன்."

சுருளைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு நானும் அங்கதான் நின்னேன். போட்டோ எடுத்தவருக்கு வலது கைப்பக்கம், தண்ணிக் குடத்தோட. முக்காட்ட எடுத்துட்டு போட்டோவப் பாருட்டின்னு கத்துதேன். கேக்கல. கடைசியா எடுத்த படம். அதுலயும் அவள ஏசிட்டேன்."

ஜெசிந்தா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு வரும்போது ஒரு கை உப்பு கொண்டு வாங்க."

*

உப்பைக் கொண்டுவந்தார். கல் உப்பு, காகிதப் பொட்டலத்தில்.

ஜெசிந்தா ஒரு சின்னத் தட்டை நீட்டினாள். அவர் கொட்டினார். தட்டு நிறைந்து குவிந்தது.

"எவ்வளவு இருக்கு?"

"ஒரு கை."

"இத மேசை பூரா பரப்புங்க."

முப்பத்தைந்து வருஷமாக உப்பு வாரியவர். உள்ளங்கையால் இரண்டே இழுப்பில் பரப்பிவிட்டார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மேசையின் பலகை தெரிந்தது.

"இப்ப எவ்வளவு?"

"அதே ஒரு கைதான்."

"மேசை அளவுக்குப் பெருசாயிட்டே அண்ணாச்சி."

"பெருசாகல மிஸ். விலகிப் போயிருக்கு."

அவள் பக்கத்துக் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தாள். சந்தனமாரியின் முகத்தைப் பிடித்துத் திரை முழுக்க இழுத்தாள்.

முகம் போய்விட்டது. கட்டம் கட்டமாக ஏதோ நின்றது.

சுயம்புலிங்கத்துக்கு இரண்டாம் தடவையும் மனைவி கைவிட்டுப் போனது போலிருந்தது.

"எண்ணுங்க" என்றாள் ஜெசிந்தா.

"எத?"

"கட்டத்த. ஒரு கட்டம் ஒரு புள்ளி."

விரலைத் திரையில் வைத்து எண்ணினார். இரண்டு தடவை தப்பாகி, மூன்றாம் தடவை சரியாக வந்தது.

"குறுக்க நாப்பது. நெடுக்க அம்பது."

"மொத்தம் ரெண்டாயிரம் கல்லு உப்பு. உங்க வீட்டம்மா முகத்துல அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு. ரெசல்யூஷன் ரெசல்யூஷன்னு சொல்லுதாங்கள்லா, அது இந்தக் கணக்குத்தான்."

அவர் மேசையைப் பார்த்தார்.

"அப்ப நடுவுல தெரியுத பலகை?"

"அதத்தான் அந்தக் கடைக்காரர் நிரப்பிக் குடுத்திருக்காரு."

"எத வச்சு?"

"மிஷின் பாத்து வச்சிருக்க லட்சம் பொம்பளைங்க முகத்த வச்சு."

சுயம்புலிங்கம் எழுந்து போய்ப் பையிலிருந்த சுருளை எடுத்தார். நான்காகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

பிறகு மேசைக்கு வந்து உப்பை வழித்தார். காலில் மிதிபடக் கூடாதென்று ஒரு கல்கூடக் கீழே விழாமல் வழித்தார்.

*

ஒரு மாதம் ஓடியது. வகுப்பில் மற்றவர்கள் பூவின் நிறத்தை மாற்றினார்கள், ஆகாயத்தை மாற்றினார்கள். சுயம்புலிங்கம் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் சத்தம் போட்டார்.

"மிஸ், சாப்ட்வேர் கெட்டுப்போச்சு!"

ஜெசிந்தா வந்து பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. கன்னத்தில் திட்டுத் திட்டாகப் பிரிந்து, வெடித்த சேறு மாதிரி கிடந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. முகம் இருட்டா இருந்துச்சு. கொஞ்சம் கலர் ஏத்துனேன்."

"கறுப்பா இருப்பாங்களா?"

"நல்ல கறுப்பு."

"அப்ப எதுக்கு ஏத்துதீங்க?"

"படத்துல எல்லாரும் ஏத்தத்தான செய்யுதாங்க" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாக இல்லை.

ஜெசிந்தா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்தப் படத்துல கும்மிருட்டுல இருந்து வெள்ளை வரைக்கும் இருநூத்தி அம்பத்தாறு படி இருக்கு. அந்தப் படி எத்தனைங்கிறதத்தான் கலர் டெப்த்தும்பாங்க. உப்பு அம்பாரம் வெயில்ல நிக்கி. மேல் படியெல்லாம் அது எடுத்துக்கிட்டு. முக்காட்டு நிழல்ல நிக்கவங்களுக்குக் கீழ இருபது படிதான் மிச்சம்."

"இருபதா?"

"அந்த இருபதையும் பிடிச்சு மேல இழுத்தீங்கன்னா ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல பள்ளம் விழும். அந்தப் பள்ளந்தான் இந்தத் திட்டு."

அவர் யோசித்தார்.

"பதினாறு பிட்டுன்னு ஒண்ணு இருக்காமே. அதுல அறுபத்தஞ்சாயிரம் படியாம். பின்பெஞ்சுல பேசிக்கிட்டாங்க. அதுக்கு மாத்திட்டா?"

"மாத்தலாம். படி அறுபத்தஞ்சாயிரம் ஆயிரும். நிக்கப்போற ஆளு அதே இருபதுதான்."

சுயம்புலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"பெருசாக்காதங்கீங்க. வெளுப்பாக்காதங்கீங்க. எல்லாம் ஒரே கறுப்பாக் கிடக்கு. இதுல நான் அவள எங்கன போய்த் தேட?"

 ஜெசிந்தா எல்லாரையும் டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். அவர்கள் இறங்கிப் போனதும் ஜன்னல்களைச் சாத்தினாள். கதவைச் சாத்தினாள். கம்ப்யூட்டர் திரைகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். வெளியே நல்ல மத்தியானம். அறைக்குள் இருட்டு.

"என்ன தெரியுது அண்ணாச்சி?"

"ஒண்ணும் தெரியல."

 கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

வெகுநேரம் கழித்து அவர், "நாற்காலி" என்றார்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது.

"சுவத்துல ஒயரு."

பிறகு, "உங்க கை. வளையல்."

"இருட்டு குறைஞ்சிருக்கா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

அவர் சாத்தியிருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் ஜன்னலைத் திறந்தாள். படத்தைப் பழையபடி ஆக்கி அவர் முன்னால் வைத்தாள். மவுஸைப் பிடுங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரத்துக்கு எதையும் தொடாதீங்க. பாருங்க, போதும்."

*

பார்த்தார்.

இரண்டாம் நாள் ஒரு நோட்டு வாங்கினார். மூன்றாம் நாள் கறுப்புகளுக்குப் பேர் வைக்க ஆரம்பித்தார். பானைத்தூர். புளியங்கொட்டை. ஈரச்சேறு. கரிச்சான். முக்காட்டுக்குள் இருந்த நெற்றி புளியங்கொட்டை. கன்னத்துக் குழி ஈரச்சேறு. உதட்டுக்குக் கீழே பானைத்தூர்.

ஐந்தாம் நாள் பதினேழு கறுப்புக்குப் பேர் சேர்ந்திருந்தது. பின்பெஞ்சில் சிரித்த இரண்டு பேரும் வந்து நோட்டை எட்டிப் பார்த்தார்கள். இப்போது சிரிக்கவில்லை.

ஏழாம் நாள் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"மிஸ், மவுஸத் தாங்க. கண்ணுல தூசி இருக்கு."

"எந்தக் கண்ணுல?"

"ரெண்டுலயும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு புள்ளி. சுத்தியிருக்க கறுப்ப விட ஒரு படி வெளுப்பு. அழிச்சிட்டா சரியாயிரும்."

"ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி தூசியா?"

"ஆமா. ரெண்டுலயும் இடது ஓரம்."

அவள் மவுஸைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அழிக்கதுன்னா அழிச்சுக்கோங்க" என்றாள்.

அவர் பிரஷ்ஷை எடுத்தார். புள்ளிக்கு மேல் கொண்டுபோனார். அம்புக்குறி அங்கேயே நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"தூசி இல்ல."

"பிறகு?"

"வெள்ளை முழி. கருமணி வலது பக்கம் ஒதுங்கியிருக்கு. அதான் இடது ஓரத்துல வெள்ளை தெரியுது."

மவுஸிலிருந்து கையை எடுத்தார்.  தோளில் கிடந்த துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பும்போது வந்து கேட்டாள்:

"என்ன அளவுல பிரிண்ட் போட?"

சுயம்புலிங்கம் கட்டைவிரலை நிமிர்த்தி நகத்தைக் காட்டினார்.

*

வருச நினைவன்று வீடு நிறைய ஆட்கள். உப்பளத்துப் பெண்கள் வேலையை முடித்து அப்படியே வந்திருந்தார்கள். ஜெசிந்தாவும் வந்து ஓரமாக நின்றாள். நடு வீட்டில் ஸ்டூலின் மேல் இரண்டடி உயரச் சட்டம். மேலே வெள்ளைத் துணி. பக்கத்தில் விளக்கு.

மகள் வடிவு துணியை எடுத்தாள்.

சட்டம் முழுக்க வெள்ளை அட்டை. நடுவில் நகத்தளவுக்குக் கறுப்பாக ஏதோ இருந்தது.

வாசலில் நின்ற கொடிமுத்து கழுத்தை நீட்டினார். சந்தனமாரியின் அண்ணன்.

"என்ன மச்சான் இது? வெறும் தாளப் போட்டு வச்சிருக்கேரு?"

"படந்தான் மச்சான்."

"இங்க இருந்து ஒண்ணும் தெரியலையே!"

"கிட்ட வாரும்."

கொடிமுத்து முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். போதவில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்தார். பிறகு குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் நிமிர்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் தங்கையின் முகத்துக்கு அவ்வளவு அருகில் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். நெட்டைப் பெண் மட்டும் மண்டியிட வேண்டியிருந்தது. 

வடிவு கடைசியாக வந்தாள். சட்டத்தின் கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தாள்.

"அம்மா" என்றாள்.

அழுதாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அம்மா போட்டோவப் பாக்கலயேப்பா. வலது பக்கமா வேற எங்கயோ பாக்கா."

"ஆமா."

"அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?"

 

சுயம்புலிங்கம் மகளுக்கு வலப்பக்கமாக நடந்துபோய், அன்றைக்கு நின்ற மாதிரியே படத்தைப் பார்த்து நின்றார்.

வடிவு படத்தைப் பார்த்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.