பெரிய மீன் யாருக்கு

வடமலைக்கு வயது அறுபது. அவருடைய குருவுக்கு நாற்பத்தைந்து. ஞாயிற்றுக்கிழமைதோறும் வடமலை ஏரிக்கரைக் குடிலுக்கு மீன் கொண்டுவருவார். வலையில் விழுந்ததில் எது பெரியதோ அது குருவுக்கு. இருபது வருடமாக அதுதான் வழக்கம். சாமியாருக்கு மீனா என்று ஊரில் முணுமுணுத்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். குரு சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அன்றும் வடமலை மூன்று கிலோ விராலோடு வந்தார். முகத்தில் களையே இல்லை.

"சாமி, காலேஜ்காரங்க ஏரி மீனை எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சாங்க. பாதரசம் இருக்காம். கெண்டைப்பொடியில துளியூண்டு, பெரிய விரால்ல ரொம்ப. பிள்ளைத்தாச்சிக்குப் பெரிசு ஆகவே ஆகாதுங்கிறாங்க. நம்ம தவமணி பிரசவத்துக்கு வந்திருக்கா. இதுல பாதி அவளுக்குன்னு ஆசையா வச்சிருந்தேன். ஒரே ஏரி, ஒரே தண்ணி. மீனுக்கு மீன் எப்படி சாமி மாறும்?"

"அது வயித்தைக் கீறுங்க அண்ணே."

வடமலை அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக் கீறினார். உள்ளே விரல் நீளத்தில் ஐந்து கெண்டைகள்.

"அதுல ஒண்ணைக் கீறுங்க."

கொஞ்சம் பாசி. நாலைந்து பூச்சி. அவ்வளவுதான்.

"இந்த விராலுக்கு என்ன வயசிருக்கும்?"

"அஞ்சாறு வருஷம் இருக்கும்."

"தண்ணி ஒண்ணுதான் அண்ணே. சாப்பாடு ஒண்ணா?"

வடமலைக்குப் புரிந்தது. அஞ்சாறு வருடமாகத் தின்ற கெண்டைகளில் இருந்த துளித் துளிப் பாதரசமெல்லாம் விராலுக்குள்ளேயே தங்கிச் சேர்ந்திருக்கிறது. மகளுக்கு இனிப் பொடி மீன்தான் என்று முடிவு செய்தார். அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"பெரிசையெல்லாம் உங்களுக்குத்தானே கொண்டாந்தேன் சாமி! இருபது வருஷமா, என் கையாலேயே..."

வாய்விட்டு அழுதார். குரு அவர் தோளில் கை வைத்தார். சில மாதங்களாகவே அந்த விரல்களில் லேசான நடுக்கம் இருந்தது.

"தவமணி நாலு வயசுல இங்க நின்னு அழுதாளே, ஞாபகம் இருக்கா? 'சாமிக்கு மட்டும் பெரிசு, எனக்கு எப்பவும் பொடி மீனா'ன்னு."

"இருக்கு சாமி."

"அவ தட்டுக்குப் போகவேண்டியது எல்லாம் என் தட்டுக்கு வந்திருக்கு. நான் உருப்படியா செஞ்ச ஒரே காரியம் சாப்பிட்டதுதான் போல. உங்களுக்கு ரொம்ப நன்றி அண்ணே."