சங்கரபாண்டியனுக்காக மூவர் நடந்த கதை

உடற்பயிற்சியை அவரவர் உடம்பால்தான் செய்ய வேண்டும் என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது பெரும்பிழை. பொத்தைக்குளத்தில் இக்கருத்து முறையாக விவாதிக்கப்பட்டு, மூன்றுக்கு ஒன்று என்ற வாக்குக் கணக்கில் நிராகரிக்கப்பட்டது.

அந்த ஒரு வாக்கு சங்கரபாண்டியனுடையது. உடம்பும் அவருடையதுதான். பெருங்குடலில் புற்றுநோய் வந்து, ஒரு சாண் குடலை வெட்டி எடுத்து, ஊசி மருந்தெல்லாம் ஏற்றி முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பேராசை எதுவும் இல்லை.

ஆழ்வார், பேச்சிமுத்து, கோமதிநாயகம் மூவரும் மைக்செட் கடையில் அவருடைய கூட்டாளிகள். டாக்டரம்மாவைப் பார்க்க நால்வரும் சேர்ந்தே போனார்கள்.

"ரத்தத்துல அழற்சி அளவு கூடியிருக்கு. உள்ளுக்குள்ள லேசாப் புகையிற மாதிரின்னு வச்சுக்கோங்க" என்றார் டாக்டர்.

ஆழ்வார் குனிந்து சங்கரபாண்டியனின் வயிற்றை மோந்து பார்த்தார். "வாடை ஒண்ணும் இல்லையேம்மா."

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. "தினம் அரை மணி நேரம் வேகமா நடக்கணும். இந்த நோய் வந்தவங்கள்ல நடக்கிறவங்க கூடுதல் காலம் இருக்காங்கன்னு ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. மூணு மாசம் கழிச்சு ரத்தம் பார்ப்போம்."

வெளியே வந்ததும் பேச்சிமுத்து தீர்ப்புச் சொன்னார். "இந்த உடம்ப வச்சுக்கிட்டு நீரு நடக்க வேண்டாம்வே. உமக்காக நாங்க நடக்கோம்."

"நோய் எனக்குல்லாவே வந்திருக்கு?"

"உம்ம மவனுக்கு அம்மை போட்டப்ப திருச்செந்தூர்ல மொட்டை போட்டது யாரு?"

"நீரு."

"அம்மை யாருக்கு எறங்குச்சு?"

"அவனுக்கு."

"பொறவு என்ன?"

வாசலிலேயே வாக்கெடுப்பு நடந்தது.

மறுநாள் காலை குளக்கரையில் நடை தொடங்கியது. கோமதிநாயகம் பஜனை கோஷ்டியில் முதல் குரல். மூன்று சுற்று ஓடியும் அவருக்குப் பாட்டு நிற்கவில்லை. எனவே அந்த மூன்று சுற்றும் தள்ளுபடி. ஆழ்வாருக்குப் பிறந்தது முதலே பாட வராது, பேச மட்டும்தான் வரும். ஆகவே டாக்டர் சொன்ன அளவில்தான் தாம் எப்போதும் இருப்பதாக அறிவித்துவிட்டு, மதகின் மேல் உட்கார்ந்து சுண்டல் தின்றார்.

சங்கரபாண்டியன் கரையில் நின்று பார்த்தார். தம் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு மதகின் மேல் அல்லவா உட்கார்ந்திருக்கிறது! கம்பை எடுத்துக்கொண்டு மேற்பார்வைக்கு இறங்கினார்.

"எந்திரிவே! என் உசுரு உமக்குச் சுண்டலா?" என்று ஆழ்வாரை விரட்டுவார். உடனே கோமதிநாயகத்தின் பின்னால் ஓடி, "பாட்டு நின்னுட்டா?" என்று காது கொடுத்துக் கேட்பார். பேச்சிமுத்து குறுக்குவழியில் போகாமல் பார்ப்பார். இப்படி மூன்று மாதம், ஒருநாள் தவறாமல். அந்த அலைச்சலில் அவருக்கு மூச்சு வாங்கும். திட்ட முடியும், பாட முடியாது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ரத்தம் எடுக்கும் அறையில் மூவரும் கையை நீட்டினார்கள். அங்கிருந்த பெண் சங்கரபாண்டியன் கையில் குத்தினாள்.

"நடந்தது நாங்க, ரத்தம் அவருதா?" என்று சண்டைக்குப் போனார் பேச்சிமுத்து.

அழற்சி அளவு நன்றாக இறங்கியிருந்தது. "ஒழுங்கா நடந்திருக்கீங்க" என்றார் டாக்டர்.

"ஆமாம்மா" என்றார்கள் மூவரும்.

சங்கரபாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன நடை நடந்தாங்க தெரியுமா! நான் பின்னாலயேதான போனேன்."

கோமதிநாயகத்தின் குதிகாலில் கொப்புளம் கண்டிருந்தது. டாக்டர் களிம்பு கொடுத்தார். வாசலில் பெரிய ஆலோசனை நடந்தது.

"நடை அவருக்குன்னா கொப்புளம் யாருக்கு?" என்றார் ஆழ்வார்.

"அவருக்குத்தான்" என்றார் கோமதிநாயகம், நொண்டிக்கொண்டே.

சங்கரபாண்டியனின் இரண்டு உள்ளங்காலிலும் களிம்பைத் தாராளமாகப் பூசினார்கள். அவர் ஆஸ்பத்திரிப் படியில் கால் வைத்தார், வழுக்கி விழுந்தார், கணுக்கால் பிசகியது.

நர்ஸ் கட்டுத்துணியோடு ஓடிவந்தார். பேச்சிமுத்து வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தம் காலை நீட்டினார்.